மதுரையில் ராத்திரி எங்கே போகலாம்? மாசி வீதிப் பக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் பார்க்க வருகிறவர்கள், வேலை மாறி வந்து தங்கியிருப்பவர்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தாலும் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் குடிபோய் ஊருக்குள் ராத்திரி வருவதையே விட்டுவிட்டவர்கள் என்று பல பேர் கேட்கிற கேள்விகள் இவை. பதில் எல்லாம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய ஊருக்குத்தான். அதைத் தாண்டிப் போகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தூங்கா நகரம் என்று சொல்வது இன்னும் உண்மையா?

முன்பு அளவுக்கு இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கிவிடும். மீதிப் பாதியை எங்கே தேடுவது என்று தெரிந்தால் விடிய விடிய ஊர் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே போக வேண்டும் என்பதும் புரிந்துவிடும். சங்க காலத்து மதுரைக்காஞ்சியிலேயே பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயர் இருக்கிறது. நள்ளிரவில் அடையும் மோதகமும் விற்கிறவர்கள் கடையிலேயே உட்கார்ந்தபடி தூங்கி வழிவதைக்கூட அந்தப் பாட்டு விடாமல் சொல்கிறது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி மில் வந்தது, இன்றைக்கும் பெரியவர்கள் ஆர்வி மில் என்றுதான் சொல்வார்கள். ஷிப்டு முடிந்து அகால நேரத்தில் வெளியே வருகிற ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்குச் சாப்பாடு வேண்டும். கிராமத்திலிருந்து காய்கறி, பூ ஏற்றி வருகிறவர்கள் பொழுது விடிவதற்குள் வந்து இறங்க வேண்டும், லோடுமேன்கள் அதற்கு முன்பே தயாராக நிற்க வேண்டும். இவர்களுக்காகத்தான் கடைகள் முழித்திருந்தன. அதனால் மதுரை ராத்திரியைப் பார்க்க வேண்டும் என்றால் வேலை பார்க்கிறவர்கள் சாப்பிடுகிற இடத்துக்குப் போங்கள், இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அதுதான்.

தெருக்களே குழப்பமாக இருக்கிறது, எப்படி வழி கண்டுபிடிப்பது?

கோயில் நடுவில், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம். பேச்சில் கிழக்கு கீழ ஆகிவிடும், மேற்கு மேல ஆகிவிடும். கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்று யாராவது சொன்னால் மாடியைத் தேடாதீர்கள்.

மாசிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று சம்பந்தமில்லாத பெயர்கள் வரும். 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள் அவை. லாட்ஜுகள் நிறைய இருப்பது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் டவுன்ஹால் ரோட்டிலும்தான். ரயில்வே ஸ்டேஷனும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரம். முதல் தடவை வருகிறவர்கள் அங்கே ரூம் போடுவது நல்லது, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் நடந்தே திரும்பிவிடலாம்.

வழி தவறினால் கோபுரத்தைத் தேடுங்கள், ஏதாவது ஒரு சந்து முனையில் ஒரு கோபுரமாவது தெரிந்துவிடும்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் ஏழு மணிக்கு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊர் அடங்கிவிட்டது என்று படுத்துவிடுகிறார்கள். இங்கே ஒவ்வொரு தீனிக்கும் ஒரு நேரம் உண்டு. மாலை 5 மணிக்கு மேல் பருத்திப்பால், வடை, பஜ்ஜி, முள்ளுமுருங்கை வடை. 6 மணியிலிருந்து சூப்புக் கடைகள். 7 மணிக்கு மேல் பரோட்டாக் கல் சூடாகும். 9 மணிக்குக் கறி தோசை. 10 மணிக்கு மேல் தெருவோர இட்லி. இந்த வரிசையை மாற்றினால், ஒன்று கடை திறந்திருக்காது, இல்லையென்றால் சரக்கு தீர்ந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டை அளவாக வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு தெருவில் இறங்குங்கள். ஒரே கடையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடாக முடித்துவிடாமல் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டால்தான் 11 மணி வரை தாங்கும்.

ராத்திரி கோயிலுக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் பகலைவிட ராத்திரிதான் போக வேண்டும். மதியம் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறந்தால் இரவு பத்து மணி வாக்கில்தான் மூடுவார்கள். ஒன்பது மணி தாண்டியதும் டூர் கூட்டம் கரைந்துவிடும், உள்ளூர்க்காரர்கள் மட்டும் நிற்பார்கள். பள்ளியறை பூஜைக்கு முன்னால் சொக்கநாதர் சன்னதியிலிருந்து சுவாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளம் நாகசுரத்தோடு அம்மன் சன்னதிக்குத் தூக்கி வருவார்கள். கூட்டம் சின்னதுதான். ஆனால் பல்லக்கு வளைவில் திரும்பும்போது அந்தக் கல் மண்டபத்துக்குள் நாகசுரச் சத்தம் எழும்பிச் சூழ்ந்துகொள்ளும், பக்தி இருக்கிறதோ இல்லையோ ஒரு தடவையாவது கேட்க வேண்டிய சத்தம் அது.

செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம், வரும்போது வரிசை இருக்கும், அந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ரூமிலேயே வைத்துவிட்டு வருவது நிம்மதி. அரைக்கால் டவுசர் போட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி ஓடாது, கல் பாவியிருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் எல்லாம் வந்து அங்கே உட்கார்ந்துவிடும். பாட்டிகள் ஒரு பக்கம், கல்லூரிப் பையன்கள் ஒரு பக்கம், ஓடிப்பிடித்து விளையாடுகிற குழந்தைகள் ஒரு பக்கம். காசே செலவில்லாமல் ராத்திரியைக் கழிக்க மதுரையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கறி தோசை என்றால் என்ன, எங்கே சாப்பிடுவது?

சிம்மக்கல் கோனார் கடை என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள், பெயர் வாங்கித் தந்தது அதுதான். மற்றக் கடைகளிலும் இப்போது நன்றாகவே போடுகிறார்கள்.

செய்கிறதை நின்று பாருங்கள். கல்லில் கனமாக மாவை ஊற்றுவார், ஊத்தப்பம் மாதிரி. விரித்து மெலிசாக்க மாட்டார். மேலே முட்டையை உடைத்துப் பரப்புவார். வெள்ளை கொஞ்சம் இறுகும்போது, ஏற்கெனவே வெந்து சுருண்டு கிடக்கிற ஆட்டுக்கறியைக் கரண்டியால் அள்ளி வைத்து, ஓரம் வரை தேய்த்து, மிளகு தூவி, எண்ணெய் விட்டு, அப்படியே தோசைக்கரண்டியைக் கொடுத்துப் புரட்டிப் போடுவார். கறிப் பக்கம் கல்லில் பட்டுப் பொரியும் அந்த ஒரு நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. கறியின் ஓரம் முறுகாமல் எடுத்துவிட்டால் அது தோசை மேல் குழம்பு ஊற்றிய கதைதான். அதனால் கூட்டமில்லாத நேரத்தில், "அண்ணே, நல்லா முறுகலா விடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். ஒருவருக்கு ஒன்றே தாராளம், இரண்டு பேர் போனால் ஒன்றைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல பரோட்டாக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைப் பெயரைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். வாசலிலேயே கல் இருக்க வேண்டும், மாஸ்டர் வீசுவது தெருவிலிருந்து தெரிய வேண்டும். கல்லிலிருந்து எடுத்த நாலைந்து பரோட்டாவை அடுக்கி, இரண்டு கையாலும் ஓரத்தில் அடித்து நொறுக்குகிறாரா என்று கவனியுங்கள். அப்போதுதான் மடிப்பு மடிப்பாகப் பிரியும். அடிக்காமல் அப்படியே தட்டில் வைக்கிற கடையில் ஆறிப்போனால் ரப்பர்தான். இன்னொன்று, முதலிலேயே நூறு பரோட்டாவைச் சுட்டுக் குவித்துவைத்திருக்கிற கடைக்குப் போகாதீர்கள்.

சால்னா கேட்டால் வாளியிலிருந்து ஊற்றுவார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஊறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஊறவையுங்கள், தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் தொட்டுக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம். கொத்துப் பரோட்டாவுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: ரொம்ப நேரம் கழித்துப் போனால் காலையில் மிஞ்சிய பரோட்டா அதற்குள் போக வாய்ப்பு உண்டு, கூட்டமான கடையில், எட்டு ஒன்பது மணிக்குள் சாப்பிடுங்கள். பன் பரோட்டா வேண்டும் என்றால் பழைய ஊரைவிட்டு ஆவின் பக்கம் போக வேண்டும், சின்னதாக, உப்பலாக, மேலே முறுகலாக உள்ளே மெத்தென்று இருக்கும். போகலாம், தப்பில்லை.

முனியாண்டி விலாஸ் பற்றியும் கேட்பார்கள். தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரில் கடை இருக்கிறது, வேர் என்னவோ திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில். ஊர் சாமி முனியாண்டி பெயரிலேயே கடை வைத்துப் பிழைத்தவர்கள், வருஷா வருஷம் அந்தக் கோயில் விழாவில் பிரியாணியையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, கவலையே வேண்டாம். மதுரை என்றாலே கறி என்கிற பேச்சினால் சைவக்காரர்கள் பயந்துகொண்டு லாட்ஜ் ஓட்டலிலேயே முடித்துவிடுகிறார்கள்.

இட்லியை இந்த ஊரில் ராத்திரிதான் சாப்பிட வேண்டும். இன்று பல ஊரில் கிளை வைத்திருக்கிற முருகன் இட்லிக் கடை மதுரையில் தொடங்கியதுதான். ஆனால் மாசி வீதிச் சந்துகளில், ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை, நான்கு சட்னி வாளி, இவ்வளவுதான் கடை என்று உட்கார்ந்திருக்கிற அக்காக்களிடம் சாப்பிட்டுப் பாருங்கள். துணியில் வேகவைத்த இட்லி, தட்டில் வாழையிலைத் துண்டு, தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, காரச் சட்னி, மல்லிச் சட்னி. கணக்கு அவர்கள் வைக்க மாட்டார்கள், எத்தனை சாப்பிட்டோம் என்று நாம் சொல்வதுதான் கணக்கு. அதனால் சரியாக எண்ணிச் சொல்லுங்கள்.

பருத்திப்பால் தவறவிடக் கூடாதது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சி, தேங்காய்த் துருவல் தூவிக் கொடுப்பார்கள். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம் ஆவி பறக்க நிற்கும். சளி, தொண்டைக் கட்டுக்கு நல்லது என்று குடிக்கிறவர்கள் உண்டு, நான் ருசிக்காகவே குடிக்கிறேன்.

திருமலை நாயக்கர் மகால் பக்கம் சௌராஷ்டிரர்கள் நிறைய வசிக்கிற தெருக்களில் சாயங்காலப் பலகாரம் தனி ரகம். முள்ளுமுருங்கை இலையை அரைத்துச் சேர்த்த வடை பச்சை நிறத்தில் பூரி மாதிரி உப்பி வரும், மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். ஏழரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இனிப்புக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிரேம விலாஸ் அல்வா, விளக்குத்தூண் பக்கம் நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடை. இலையில் வைத்துச் சுடச்சுடத் தருவதை அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள், பார்சல் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் அந்தச் சூடு போய்விடும்.

ஜிகர்தண்டா எந்தக் கடையில் ஒரிஜினல்?

எல்லாப் போர்டிலும் ஒரிஜினல் என்றுதான் எழுதியிருக்கும். விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கிற பேமஸ் ஜிகர்தண்டா 1977-லிருந்து இருக்கிற கடை, முதல் தடவை குடிக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அடியில் கடல்பாசி, அதன் மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், அப்புறம் பாசுந்தி, மேலே ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. அந்த ஐஸ்கிரீம் கடையிலேயே செய்வது, பழுப்பு நிறமாக, காய்ச்சிய பால் வாசனையோடு இருக்கும். பளீர் வெள்ளையாகக் கம்பெனி ஐஸ்கிரீமைப் போட்டுக் கொடுத்தால் அது வேறு சமாச்சாரம். கடல்பாசிக்குப் பதில் பாதாம் பிசின் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

காரமாகச் சாப்பிட்ட உடனே குடிக்காமல் அரை மணி நடந்துவிட்டுக் குடியுங்கள். சின்ன கிளாஸே போதும்.

பப், டான்ஸ் பார் மாதிரி ஏதாவது?

கோயிலைச் சுற்றி அப்படி ஒன்றும் இல்லை, வரவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி ஓட்டல்கள் சிலவற்றில் பார் உண்டு, நட்சத்திர ஓட்டல்களில் உண்டு. உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிக்க வேண்டும் என்றால் அங்கே போங்கள். டாஸ்மாக் கடைகள் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும், ஒன்பதே முக்காலுக்கு அங்கே நிலவும் நெரிசலில் போய் நிற்காதீர்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காந்தி ஜெயந்தி, குடியரசு நாள், சுதந்திர நாள், மே தினம், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாது நபி ஆகிய நாட்களில் எல்லாமே விடுமுறை. தெருவில், ஆற்றங்கரையில், காருக்குள் வைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம். போலீஸ் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, குடும்பங்கள் உட்காருகிற இடத்தை அது கெடுத்துவிடும்.

குடிக்காமல் உயரத்தில் உட்கார வேண்டும் என்றால், அதே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஹோட்டல் சுப்ரீம் மொட்டை மாடி உணவகம் இருக்கிறது, கோபுரங்கள் விளக்கோடு தெரியும். காற்றும் வரும். மே மாதத்தில் இந்த ஊரில் காற்று என்பது சின்ன விஷயம் இல்லை.

பெண்கள் தனியாக ராத்திரி சுற்றலாமா?

சித்திரை வீதிகள், மேலக் கோபுர வீதி, டவுன்ஹால் ரோடு, விளக்குத்தூண், மாசி வீதிகளின் கடைப் பகுதி இவற்றில் பத்து மணி வரை தாராளமாக. கூட்டத்தில் பாதிப்பேர் பெண்களாகவே இருப்பார்கள். பத்தரைக்கு மேல் கூட்டம் குறையக் குறைய ஆண்கள் மட்டுமே நிற்கிற தெருக்கள் வரும், அங்கே ஆபத்து என்று சொல்ல மாட்டேன், முறைத்துப் பார்ப்பார்கள். அது பிடிக்காதது நியாயமே. டாஸ்மாக் இருக்கிற சந்து, பெரியார் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம், ஆற்றோரச் சாலை இவற்றை நேரம் கழித்துத் தவிர்த்துவிடுங்கள். இட்லிக் கடை, பூக்கடை அக்காக்கள் பக்கத்தில் நின்றால் எந்தத் தொந்தரவும் வராது. யாராவது வம்பு பண்ணினால் அவர்களே கேட்டுவிடுவார்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

பெண்கள் இன்னும் நிறைய வந்தால் இந்தத் தெருக்கள் இன்னும் நேரம் வரை எல்லோருக்கும் தெருவாக இருக்கும். அதற்கு முதலில் வேண்டியது சுத்தமான கழிப்பறை, பொதுக் கழிப்பறைகள் இந்தப் பகுதிக்குப் போதவே போதாது. இதை யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போதைக்கு வழி, கிளம்புவதற்கு முன் ரூமிலோ, நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலிலோ முடித்துக்கொள்வது.

கடைகளை ஏன் 11 மணிக்கே மூடச் சொல்கிறார்கள்? 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசு சொல்லியிருக்கிறதே?

சொல்லியிருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளும் நிறுவனங்களும் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் ஆணை வந்தது, 2022-ல் நீட்டித்தார்கள். வேலை பார்க்கிறவர்களுக்கு வார விடுமுறை, எட்டு மணி நேர வேலை, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அவர்களே எழுதிக்கொடுத்தால் பாதுகாப்போடு வைக்கலாம் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், ராத்திரிக்கு உயிர் கொடுக்கிற கடையில் 10 பேர் இருக்க மாட்டார்கள். இட்லி அக்காவுக்கு ஒரு மகளோ மருமகளோதான் துணை. பருத்திப்பால் வண்டிக்கு ஒரே ஆள். பெரிய கடைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை, ஜீப் வந்து நின்று விசில் ஊதினால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். சண்டை சச்சரவு நடக்கிறது, அதனால் மூடச் சொல்கிறோம் என்பது போலீஸ் தரப்பு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கிற தெருவில்தான் தப்பு குறையும் என்று நான் நம்புகிறேன், இருட்டாகக் கிடக்கிற தெருவில்தான் நடக்கப் பயமாக இருக்கிறது. ராத்திரி ஷிப்டு முடித்து வருகிற நர்ஸும் ஆட்டோக்காரரும் ரயிலில் வந்து இறங்குகிறவரும் பசியோடு படுக்கக் கூடாது. இந்த ஊரின் பெயரே அதுதானே.

இரண்டாம் ஆட்டம் பார்க்க இன்னும் தியேட்டர் இருக்கிறதா?

பழைய ஊருக்குள் குறைந்துபோய்விட்டது. ஆசியாவிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சிந்தாமணியும் போய்விட்டது. இரண்டாம் ஆட்டம் விட்டு ஒன்றரை மணிக்கு வெளியே வருகிற கூட்டத்தை நம்பியே பல டீக்கடைகளும் பரோட்டாக் கடைகளும் இருந்தன. தியேட்டர் போனதும் அவையும் போயின, ஊர் சீக்கிரம் தூங்க ஆரம்பித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். குளிர்சாதனத்தோடு பார்க்க வேண்டும் என்றால் சொக்கிகுளம் பக்கம் விஷால் டி மால் போக வேண்டும்.

குழந்தைகள், வயதானவர்களோடு வந்தால்?

திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி நடக்கும், தமிழ்க் காட்சி வழக்கமாக எட்டு மணிக்கு. பராமரிப்பு வேலை என்று நிறுத்திவைப்பதும் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். 1636-ல் கட்டிய அரண்மனை, இன்று நிற்பது ஒரு பகுதிதான், அதுவே இவ்வளவு பெரிது. கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

இன்னொன்று மாரியம்மன் தெப்பக்குளம். கோயிலிலிருந்து ஆட்டோவில் போக வேண்டும். குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் சாயங்காலம் ஊரே படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் சோளம், பஜ்ஜி, பானிபூரிக் கடைகள். தைப்பூசத் தெப்பத் திருவிழா ராத்திரியில் போனால் நடு மண்டபம் முழுக்க விளக்காக இருக்கும், ஆனால் அன்று சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நெரிசல் தாங்காது.

எந்தத் திருவிழா ராத்திரி பார்க்க வேண்டும்?

சித்திரைத் திருவிழா. ஒன்று மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரியைப் பாருங்கள். காலையில் அவர் வைகையில் இறங்குவதை டிவியிலும் பார்த்துவிடலாம், அந்த ராத்திரியை டிவி காட்டாது. அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிறவரை மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பது எதிர்சேவை. அங்கிருந்து தல்லாகுளம் வரை மண்டபம் மண்டபமாக நின்று வருவார். சல்லடம் என்கிற அரைக்கால் உடை கட்டி, தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், மாட்டு வண்டியில் வந்து ரோட்டோரமே சமைத்துச் சாப்பிடுகிற கிராமத்து ஜனங்கள். யாரும் தூங்க மாட்டார்கள். தெருத்தெருவாக நீர்மோரும் பானகமும் தக்காளி சாதமும் சும்மாவே கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கை நீட்டி வாங்குங்கள். வாங்காமல் போனால்தான் வருத்தப்படுவார்கள்.

இரண்டு நாள் கழித்து ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் நடக்கும், அங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்த நாட்களில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு, ஒரு மாதம் முன்பே போட்டுவைக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் எனக்குப் பிடிக்கும். விளக்குத்தூண், தெற்கு மாசி வீதியில் தரைக்கடைகள் விடிய விடிய இருக்கும். கூலி அன்றைக்குத்தான் கைக்கு வந்தது என்று நடுராத்திரியில் குழந்தைகளுக்குச் சட்டை எடுக்க வருகிறவர்கள், விடிவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டுமே என்று விலையைக் கத்திக் கத்திக் குறைக்கிற வியாபாரிகள். பர்ஸைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறோம், பசிக்கிறது. என்ன செய்வது?

ஸ்டேஷன் வாசலில் டீயும் பன்னும் எந்நேரமும் கிடைக்கும். சாப்பாடாக வேண்டும் என்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட்தான் நிச்சயம், 24 மணி நேரமும் பஸ் வருகிற இடம், கடைகளும் அப்படியே. ஊருக்குள்ளேயே என்றால் கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகளுக்கு லாரி வந்து லோடு இறங்குகிற ராத்திரிகளில் பக்கத்தில் ஒரு டீக்கடையாவது முழித்திருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள்.

ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள்?

மீட்டர் போட மாட்டார்கள். ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள், ராத்திரி பத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்பது வழக்கம்தான். லாட்ஜில் இருப்பவரிடம் நியாயமான தொகை என்ன என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஆப் வண்டிகளும் வரும், மாசி வீதிச் சந்துக்குள் வரச் சொன்னால் ரத்து பண்ணிவிடுவார்கள், வெளி வீதிக்கு நடந்து வந்து ஏறுங்கள். சொந்தக் காரை ஊருக்குள் கொண்டுவராதீர்கள்.

தெருக்கடையில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

கண் முன்னால் கல்லில் சூடாகப் போடுவதைச் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள். ஆறிப்போன சட்னி, வெகுநேரம் திறந்து கிடக்கிற நறுக்கிய பழம் இரண்டையும் விட்டுவிடுங்கள். போட்டோ எடுப்பதானால் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். கூட்ட நேரத்தில் கல்லுக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் பசியோடு நிற்கிறவருக்குத்தான் கஷ்டம்.

விடியும் வரை முழித்திருந்தால் கடைசியாக எங்கே போகலாம்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடிவதற்கு முன்பே சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மல்லிகை சாக்குச் சாக்காக வந்து இறங்க ஆரம்பித்துவிடும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும், முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் என்றால் கிலோ ஆயிரக்கணக்கில் போய்விடும். மொத்த வியாபாரம் நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள், தலைச்சுமையோடு ஓடி வருகிறவர்கள் நமக்காக நிற்க மாட்டார்கள். ஊருக்கு வாங்கிக்கொண்டு போவதானால் விரிந்த பூவை வாங்காதீர்கள். இறுக்கமான மொட்டாக நூறு கிராம் வாங்கி வாழையிலையில் கட்டித் தரச் சொன்னால், சாயங்காலம் நீங்கள் வீடு போய்ச் சேருகிற நேரத்துக்கு விரியும்.